கற்பாறை நிலத்தில் நிலத்தடி நீர்: ஆராய்ச்சிகள் கூறுவதும் ஓசூர்ப் பகுதியார் அறிய வேண்டுவதும்

மழை குறைந்த வருஷங்களில், ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி வட்டங்களிலிருந்து நம்மிடம் வரும் குடியானவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர். "கிணறு வற்றிவிட்டது, இன்னும் எத்தனை அடி துளை போட்டால் தண்ணீர் அகப்படும்?" என்பதே அது. இக்கேள்விக்கு அவசரமாக விடை சொல்லுகிறவர் பலர் உண்டு. துளையிடும் இயந்திரத்தின் சொந்தக்காரரும் அவர்களில் ஒருவர். அவர் சொல்லும் விடை எப்போதும் ஆழத்தை மிகுதியாக்குவதாகவே இருக்கும். ஆயிரம் அடிக்கு மேலும் துளையிட்டு, கடன் மட்டும் மிஞ்சிய தோட்டங்கள் இப்பகுதியில் உண்டு. ஆதலின் நீரியல் என்னும் சாஸ்திரம் இக்கேள்விக்கு என்ன விடை கண்டிருக்கிறது என்பதையும், அவ்விடை ஏன் இத்தனை காலமாகியும் வயலுக்கு வந்து சேரவில்லை என்பதையும் இங்கே ஆராய்வோம்.

நிலத்தடி நீரின் ஓட்டத்தைப் பற்றிய முதல் விதி, விஞ்ஞான சஞ்சிகை எதிலும் வெளிவந்ததன்று. பிரான்ஸ் தேசத்தின் திஜோன் நகரத்துக்குக் குடிநீர் வசதி செய்துகொடுத்த ஹென்ரி டார்சி என்னும் பொறியாளர், 1856-ஆம் ஆண்டில் அவ்வேலையைப் பற்றி விரிவான நூல் ஒன்று வெளியிட்டார். மணல் வழியே நீர் வடியும் வேகத்தைப் பற்றித் தாம் செய்த பரிசோதனைகளை அந்நூலின் பிற்சேர்க்கை ஒன்றில் சேர்த்தார். இன்றுவரை உலகெங்கும் கிணற்று நீரைக் கணக்கிடுவோர் யாவரும் அப்பிற்சேர்க்கையையே அடிப்படையாகக் கொள்கின்றனர்.

அடுத்த பெரும் படி 1935-இல் வைக்கப்பட்டது. அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தைச் சேர்ந்த தீஸ் என்பவர், கெட்டிப் பொருளில் வெப்பம் பரவுவதும் பூமிக்குள் நீர் பரவுவதும் ஒத்த தன்மையுடையவை என்று கண்டு, கணித வல்லுநராகிய நண்பர் ஒருவரின் துணைகொண்டு, இறைக்கும் கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் காலப்போக்கில் எவ்வாறு தாழும் என்பதற்குச் சூத்திரம் வகுத்தார். அவரோடு பணிபுரிந்தவர்களே அதை ஏற்கச் சில ஆண்டுகள் தயங்கினர். குடியானவருக்கு அச்சூத்திரத்தினும் பயன்படுவது 1940-இல் அவர் எழுதிய சிறு கட்டுரையாகும். கிணற்றிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு துளியும் வேறெங்கோ குறைந்தே தீரும் என்பது அதன் சாரம். முதலில் பூமியின் சேமிப்பிலிருந்து குறையும்; பின்னர் ஓடைக்கும் ஆற்றுக்கும் ஊறிச் சென்றுகொண்டிருந்த நீர் குறையும். முன்பு கோடை வரையில் கசிவு நின்ற ஓடைகள் பல இன்று மழை நின்ற சில வாரங்களிலேயே உலர்ந்துவிடுவதற்குரிய காரணங்களுள் இதுவும் ஒன்று.

தீஸ் வகுத்த சூத்திரம் குறுகிய குழாய்க் கிணற்றுக்கே பொருந்துவது. நமது வட்டக் கிணறும் சதுரக் கிணறும் அகன்றவை. இறைக்கத் தொடங்கியவுடன் வருவது கிணற்றுக்குள் ஏற்கெனவே நின்ற நீர். பூமியிலிருந்து ஊறும் நீர் அதன் பின்னரே கணக்குக்கு வரும். இவ்வேற்றுமையைக் கணக்கில் கொண்ட சூத்திரத்தைப் பப்படோபுலோஸ், கூப்பர் என்ற இருவர் 1967-இல் 'வாட்டர் ரிஸோர்ஸஸ் ரிஸர்ச்' என்னும் சஞ்சிகையில் வெளியிட்டனர். அச்சஞ்சிகை 1965-இல்தான் தோன்றியது. 'ஜர்னல் ஆப் ஹைட்ராலஜி' அதற்கு இரண்டு ஆண்டு மூத்தது. 1965 முதல் 1974 முடியப் பத்து ஆண்டுகளை ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞானக் கழகம் சர்வதேச நீரியல் தசாப்தமாக நடத்தியது. நமது நாட்டில் மத்திய நிலத்தடி நீர் வாரியம் 1970-இலும், ரூர்க்கியில் தேசிய நீரியல் நிலையம் 1978-இலும் ஏற்பட்டன.

அதன் பிறகு கட்டுரைகள் வெள்ளமெனப் பெருகின. எக்கட்டுரை சிறந்தது, எச்சஞ்சிகை உயர்ந்தது என்று அளக்க ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. ஒரு சஞ்சிகை முந்திய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளைப் பிறர் இவ்வாண்டில் எத்தனை முறை எடுத்துக் காட்டினர் என்று எண்ணி, அத்தொகையை அக்கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுப்பர். இதற்குத் தாக்கக் காரணி என்று பெயர்; 1975 முதல் இது வருஷந்தோறும் வெளியிடப்பட்டு வருகிறது. பதவியும் பணவுதவியும் பல இடங்களில் இதைப் பொறுத்தே அமைகின்றன. இம்முறையை நாம் முற்றிலும் குறை கூறவில்லை. ஆயினும் இரண்டு ஆண்டு என்பது நீரியலுக்கு மிகக் குறுகிய காலம். ஒரு கிணற்றின் போக்கை அறியவே நல்ல மழை, குறைந்த மழை இரண்டையும் கண்ட பத்து ஆண்டுக் குறிப்பாவது வேண்டும். டார்சியின் பிற்சேர்க்கையோ இக்கணக்கில் எங்கும் இடம்பெறாது.

இவ்வளவுகோல் ஆராய்ச்சியின் திசையையும் ஒருவாறு திருப்பிற்று. பரந்த நிலப்பரப்பைப் பற்றிய கட்டுரையை உலகம் முழுவதும் எடுத்துக் காட்டும். ஒரு பிர்க்காவின் கிணறுகளைப் பற்றிய கட்டுரையைச் சிலரே நாடுவர். 2002-இல் அமெரிக்காவும் ஜெர்மனியும் சேர்ந்து 'கிரேஸ்' என்னும் இரட்டைச் செயற்கைக்கோள்களை ஏவின. பூமியின் ஈர்ப்பு விசையில் நேரும் நுண்ணிய மாறுதலைக் கொண்டு நிலத்தடி நீரின் கூடுதல் குறைவை இவை அளந்தன. ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா பகுதிகள் 2002 ஆகஸ்டு முதல் 2008 அக்டோபர் முடிய 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீரை இழந்தன என்று 2009-இல் 'நேச்சர்' சஞ்சிகை வெளியிட்ட கட்டுரை உலகையே திடுக்கிடச் செய்தது. அஃது அரிய வேலை என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்கருவி ஒரே பார்வையில் காண்பது லட்சக்கணக்கான சதுர கிலோமீட்டர் பரப்பு. கிருஷ்ணகிரி மாவட்டம் முழுவதும் 5,143 சதுர கிலோமீட்டரே. அதன் கண்ணுக்கு நமது மாவட்டம் தனியாகத் தெரியாது. பாகலூர்த் தோட்டத்துக் கிணறு எங்ஙனம் தெரியும்?

இக்குறையை விஞ்ஞானிகளும் உணராமலில்லை. அளவு எடுக்கப்படாத ஆற்றுப் பகுதிகளில் நீரோட்டத்தை முன்னறிவது எவ்வாறு என்பதற்காகவே சர்வதேச நீரியல் சங்கம் 2003 முதல் 2012 வரை ஒரு தனி முயற்சி நடத்தியது. அதைத் தொடங்கி நடத்தியவர்களுள் முதன்மையானவர், இலங்கைப் பேராதனையில் பட்டம் பெற்ற முருகேசு சிவபாலன் என்னும் அறிஞர். 2012-இல் அவர் வேறிருவருடன் சேர்ந்து, நீரின் போக்கையும் மனிதர் நடத்தையையும் தனித்தனியே ஆராய்தல் பிழை என்றும், ஒன்று மற்றொன்றை மாற்றிக்கொண்டே செல்கிறதென்றும் எழுதினார். அண்டை வீட்டார் ஆழ்துளை போட்டதனால் தம் கிணறு வற்றி, தாமும் ஆழ்துளை போட்ட குடியானவருக்கு இவ்வுண்மை புதியதன்று.

இனி நமது நிலத்துக்கு வருவோம். இப்பகுதி முழுவதும் கருங்கல் வகையைச் சேர்ந்த கெட்டிப் பாறை. இத்தகைய நிலத்தைப் பற்றி நம் நாட்டில் நடந்த ஆராய்ச்சிகளுள் சிறந்தது ஹைதராபாத்துக்கு அருகில் மகேஸ்வரம் என்னுமிடத்தில், ஏறக்குறைய 53 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பில், இந்திய பிரெஞ்சு விஞ்ஞானிகள் சேர்ந்து செய்ததாகும். அதன் முடிவுகள் 2004-இலும் 2006-இலும் மேற்சொன்ன இரு சஞ்சிகைகளிலும் வெளிவந்தன. மேலே மண், அதன் கீழ்ச் சிதைந்து மணலும் களியுமாக மாறிய பாறை, அதற்கும் கீழே வெடிப்புகள் நிறைந்த பாறை, அடியில் வெடிப்பில்லாத கெட்டிப் பாறை என்று நிலம் அடுக்கடுக்காக அமைந்திருக்கிறது. நீரைச் சேமித்து வைப்பது பெரும்பாலும் சிதைந்த அடுக்கு. நீரை நடத்திச் செல்வது வெடிப்பு அடுக்கு. ஆழம் செல்லச் செல்ல வெடிப்புகள் குறைகின்றன. அங்கே நீர் தரும் வெடிப்புகளுள் மிகப் பெரும்பாலானவை ஏறக்குறைய 40 மீட்டர், அதாவது 130 அடிக்குள் அடங்கிவிட்டன.

ஓசூரில் இவ்வெல்லை அதே அளவில்தான் இருக்கும் என்று நாம் சொல்லத் துணியோம். சிதைவின் கனம் ஊருக்கு ஊர் மாறும். ஆழத்திலும் சில இடங்களில் பெரிய பிளவுகள் அகப்படுவதுண்டு. ஆயினும் அப்பிளவு ஒரு குழாயைப் போன்றது, தொட்டியைப் போன்றதன்று. மேலடுக்கு நிரம்பினாலன்றி அக்குழாயில் நீர் நிலைக்காது. முதலிரண்டு மாதம் பீறிட்ட ஆழ்துளை பின்னர்க் காற்றை மட்டும் கக்குவதற்குக் காரணம் இதுவே. இன்னொரு தீங்கும் உண்டு. பாறையோடு நெடுங்காலம் உறவாடிய ஆழ நீரில் புளோரைடு மிகுந்திருக்கலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இதனால் பற்களும் எலும்பும் கெடுவதைத் தடுக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஏற்பட்டு 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது.

மேலடுக்கில் எவ்வளவு நீர் சேரும்? மத்திய அரசின் நிலத்தடி நீர் மதிப்பீட்டுக் குழு 1997-இல் வகுத்த அளவுகளின்படி, சிதைந்த கருங்கல் நிலத்தில் பெய்யும் மழையில் களி மிகுந்த இடத்தில் நூற்றுக்கு 8 பங்கும், களி குறைந்த இடத்தில் 11 பங்குமே கீழிறங்கும். ஆண்டு மழையை 850 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஓர் ஏக்கரில் ஆண்டு முழுவதும் பூமிக்குள் சேருவது 2.75 லட்சம் முதல் 3.8 லட்சம் லிட்டர் வரை ஆகும். தக்காளி, முட்டைக்கோசு முதலியவற்றின் ஒரு போகத்துக்குப் பாய்ச்சல் 500 மில்லிமீட்டர் என்று கொண்டால் ஏக்கருக்கு 20 லட்சம் லிட்டர் வேண்டும். அதாவது, ஓர் ஏக்கர் தோட்டப் பயிருக்கு ஐந்தரை முதல் ஏழரை ஏக்கர் நிலத்தின் மழைச் சேமிப்புத் தேவை. ஐந்து ஏக்கர் வைத்திருப்பவர் ஐந்திலும் இருபோகம் இறைத்தால், அவர் இறைப்பது தம் நிலத்தின் நீரை மட்டுமன்று. மேலும், இப்பாறை தன் கன அளவில் நூற்றுக்கு ஒன்றரை முதல் மூன்று பங்கு நீரையே விட்டுக்கொடுக்கும். ஓர் ஏக்கரின் அடியில் நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் கிடைப்பது 60,000 முதல் 1,20,000 லிட்டர். மணிக்கு 18,000 லிட்டர் இறைக்கும் பம்புக்கு அது மூன்றரை முதல் ஏழு மணி நேர வேலை.

இக்கணக்கைக் கண்டு மனம் சோர்பவர் ஆற்றை நினைக்கலாம். நந்தி மலையில் தோன்றும் தென்பெண்ணை பெங்களூரின் கழிவைச் சுமந்துகொண்டு ஓசூருக்கருகில் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. இவ்வணையின் பாசனம் ஏறக்குறைய 8,000 ஏக்கர். மதகில் நுரை மலைபோல் எழுவதை இங்குள்ளோர் யாவரும் கண்டிருக்கின்றனர். புது வெள்ளம் வரும்போது கழிவு கரைந்து நுரை குறைய வேண்டுமன்றோ? மாறாக, மழை தொடங்கியதும் நுரை மிகுவானேன்? பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் பெள்ளந்தூர் ஏரியை ஆராய்ந்து இதற்கு விடை கண்டனர். துணி வெளுக்கும் சோப்புத் தூளின் நுரைப்பொருள் காற்றில்லாத ஏரிச் சேற்றில் சிதையாமல் படிந்திருக்கிறது. வெள்ளம் அச்சேற்றைக் கலக்கும்போது அது நீரில் கரைந்து வெளிவருகிறது. இவ்விடை நமக்கு நேராகப் பயன்படும். நுரையோடு வரும் முதல் வெள்ளத்தைக் கீரை, கொத்தமல்லி போன்ற இலைப் பயிர்களுக்குக் கட்டுதல் தகாது. தெளிந்த பின்னரே கட்டுக. வாய்க்கால் நீர் பாயும் நிலத்தின் மண்ணையும், அருகிலுள்ள கிணற்று நீரையும் ஆண்டுக்கொரு முறை சோதனைச் சாலைக்கு அனுப்புக.

ஒரு செய்தியை இங்கே சொல்லாமல் விடுதல் முறையன்று. பெங்களூரின் கோரமங்கலா, செல்லகட்டப் பள்ளத்தாக்கின் கழிவு நீரைச் சுத்தம் செய்து, 2018 முதல் கோலார் மாவட்டத்து ஏரிகளை நிரப்பி வருகின்றனர். அங்கே கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்ததை விஞ்ஞானிகள் அளந்து சஞ்சிகைகளில் வெளியிட்டிருக்கின்றனர். அப்பள்ளத்தாக்கு இயற்கையாக வடிவது தென்பெண்ணையில். தீஸ் சொன்னபடி ஓரிடத்துப் பெருக்கம் மற்றோரிடத்துக் குறைவு அன்றோ? எல்லைக்கு இப்பால் வரத்து எவ்வளவு மாறிற்று, நீரின் தரம் எவ்வாறு மாறிற்று என்பதையும் அதே நுணுக்கத்துடன் அளந்து அதே சஞ்சிகைகளில் வெளியிட வேண்டும். அளவு இல்லாதவன் வழக்கு, எவ்வளவு நியாயமானதாயினும், வலுவற்றது.

அளவு எடுத்தல் சர்க்காரின் வேலை மட்டுமன்று. கிணற்றுச் சுவரில் ஓரிடத்தில் வர்ணத்தால் குறியிடுக. மாதந்தோறும் முதல் தேதி காலையில், பம்பு ஓட்டுவதற்கு முன், கல் கட்டிய கயிற்றால் குறியிலிருந்து நீர்மட்டம் வரை அளந்து எழுதுக. கோடையில் ஒரு நாள், கிணற்றை நன்றாக இறைத்து நிறுத்தி, முதல் ஒரு மணி நேரத்தில் நீர் எத்தனை அடி ஏறிற்று என்று பார்க்க. 20 அடி விட்டமுள்ள வட்டக் கிணற்றில் ஓர் அடி ஏறினால் மணிக்கு 8,900 லிட்டர் ஊறுகிறதென்று பொருள். அதற்கு மேல் இறைக்கும் பம்பு அக்கிணற்றுக்கு மிகை. ஆழ்துளைக் கிணற்றில் கயிறு இறங்காவிடில், பம்பு எத்தனை மணி நேரம் ஓடிய பின் நீரோடு காற்று கலந்து வருகிறது என்பதைக் குறித்தால் போதும். மழையளவையும் பயிரையும் அதே ஏட்டில் எழுதி வைத்து, அடுத்த கோடையில் எத்தனை அடி துளை போடலாம் என்று கேட்க வரும்போது அவ்வேட்டையும் உடன் கொண்டுவருக.