கலயத்தில் எண்ணெய் வற்றுமா?



எண்ணெய் தீர்ந்துவிடும், பூமி கொதிக்கும், மனித குலம் நெடுங்காலம் நிலைக்காது என்று பேசுவோர் இன்று நம் குடும்பங்களிலும் உளர். “இந்த உலகத்தில் பிள்ளையைப் பெற்று என்ன பயன்?” என்று கேட்கும் இளந்தம்பதியரும் உளர். இக்கேள்வியை ஏளனம் செய்யலாகாது. மக்கள்தொகையும் உற்பத்தியும் அன்றைய வேகத்தில் பெருகினால், நூறு ஆண்டுக்குள் உலகம் தன் எல்லையைத் தொடும் என்று ‘வளர்ச்சியின் எல்லைகள்’ என்னும் நூல் 1972ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது. நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதால் பூமி வெப்பமடைவதும் உண்மையே.

ஆனால் ஆபத்தை அறிவது வேறு, நம்பிக்கை இழப்பது வேறு. நம்பிக்கை என்னும் புண்ணியத்துக்கு எதிரான பாவங்கள் இரண்டு எனத் திருச்சபை போதிக்கிறது. ஒன்று அவநம்பிக்கை: இறைவன் உதவமாட்டார் என்று முடிவு கட்டுவது. மற்றது வீண் துணிவு: மனந்திரும்பாமலே இறைவன் காப்பார் என்றிருப்பது. வேதாகமத்தின் இரு எண்ணெய்க் கதைகள் இவற்றுக்கு மருந்தாகும்.

சரேப்தா கைம்பெண்

பிடி மாவும் சிறிது எண்ணெயுமே அவளிடம் இருந்தன. அதை மகனோடு உண்டபின் சாவதே அவள் எண்ணம். ஆயினும் எலியா கேட்டபோது முதலில் அவருக்குக் கொடுத்தாள். பஞ்சம் நீங்கும்வரை கலயம் வற்றவில்லை. பகிர்வு அவநம்பிக்கையை வென்றது.

பத்துக் கன்னியர்

ஐவரிடம் விளக்கு இருந்தது; மணமகன் வருவான் என்ற எண்ணமும் இருந்தது. முன்யோசனை மட்டும் இல்லை. கதவு அடைபட்டது.

நம் அனுபவம்

1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. எரிபொருளுக்குத் தடை வந்தது. ஜாம் போத்தலில் பஞ்சு இட்டு, சிறிது மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கொளியில் பிள்ளைகள் படித்துப் பரீட்சை எழுதினர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். அத்துன்பத்தைப் புகழ்வதற்கில்லை, அதைப் பிறர்மேல் சுமத்துவது அநீதி. எனினும் சிறிதளவு எண்ணெயோடும் மனிதர் மாண்போடு வாழலாம் என்பதற்கு நாமே சாட்சிகள்.

2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. கொழும்புத்துறைக் கரையில் இயந்திர வள்ளத்தை நம்பி வாழும் குடும்பத்துக்கு அது எத்தகைய அடி! எரிபொருள் அருகும்போது முதலில் கரையில் நிற்பவன் ஏழையே. ஆகவே வீண்செலவு வெறும் பழக்கக்குறை அன்று. அயலானுக்குச் செய்யும் அநீதி. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ திருமடலில், தேவையற்ற விளக்கை அணைப்பதையும் அன்புச் செயலாகவே கற்பித்தார்.

உலகின் முடிவு எந்நாள் என்பது தந்தை ஒருவருக்கே தெரியும். நம் கையில் இருப்பது இன்றைய கலயம்.

குடும்பமாகச் சிந்திக்க

1. நம் வீட்டில் வீணாக எரிவது எது?
2. நாம் மிச்சப்படுத்துவதில் அயல்வீட்டுக்குப் பங்கு உண்டா?
3. பிள்ளைகள் முன் எதிர்காலத்தைப் பற்றி எவ்வாறு பேசுகிறோம்?