மாநிலத்தின் கல்லாப் பெட்டியும் சட்டமன்றமும்



தஞ்சோங் கிளிங் கடைகளில் நில வரிச் சீட்டு வந்த மறுநாள் ஒரு பேச்சுத் தவறாமல் எழும். "வருஷா வருஷம் கட்டுகிறோம், இந்தப் பணமெல்லாம் எங்கேதான் போகிறது?" என்று ஒருவர் கேட்பார். "சர்க்கார் கணக்கை நாமா பார்க்க முடியும்?" என்று மற்றவர் சொல்வார். பேச்சு அத்தோடு முடிந்துவிடும். முதலாமவர் கேள்வி நியாயமானது. இரண்டாமவர் பதில்தான் தவறு. சர்க்கார் கணக்கைப் பார்ப்பதற்கென்றே நாம் ஓட்டுப் போட்டு ஒருவரை அனுப்பியிருக்கிறோம். அவர் செய்யும் வேலை யாது என்பதே இன்றைய பாடம்.

மலாக்கா சுல்தான்கள் காலத்தில் மேற்கே இருந்து வந்த கப்பல் சரக்குக்கு நூற்றுக்கு 6 வீதம் தீர்வை வாங்கினார்கள். நம் முன்னோர் கட்டிய தீர்வையும் அதுவே. ஷாபந்தர் வசூலிப்பார்; பணம் அரண்மனைக்குப் போகும். கட்டியவன் கணக்குக் கேட்க வழியில்லை. இன்றோ சட்டம் வேறு. மாநிலத்தின் வரவு ஒரே பெட்டியில் சேர வேண்டும். அதற்குத் திரட்டு நிதி என்று பெயர். அந்தப் பெட்டியிலிருந்து சட்டத்தின் அனுமதியின்றி ஒரு காசும் எடுக்க முடியாது. சாவி சட்டமன்றத்தின் கையில் இருக்கிறது.

முதலில், பெட்டியில் விழுவது எது, விழாதது எது என்று பிரித்து அறிய வேண்டும். வருமான வரியும் சுங்கத் தீர்வையும் கூட்டரசுக்குப் போகின்றன. கடை லைசென்சுக் கட்டணமும், சுக்காய் பிந்து என்று நாம் சொல்லும் மதிப்பீட்டு வரியும் நகராண்மைக்குப் போகின்றன. மாநிலத்துக்கு உரியவை நிலம், காடு, சுரங்கம் முதலியவற்றின் வருமானம். நில வரியின் விகிதத்தை மாநில ஆட்சிக் குழு நிலச் சட்டப்படி நிர்ணயிக்கும். வந்த பணத்தைச் செலவிடச் சட்டமன்றம் இசைய வேண்டும்.

இவற்றோடு கூட்டரசு, தலைக்கு இவ்வளவு என்று ஒரு மானியம் தருகிறது. 2002-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த விகிதம் இது: முதல் 1,00,000 பேருக்குத் தலைக்கு 72 வெள்ளி, அடுத்த 5,00,000 பேருக்கு 10 வெள்ளி 20 காசு, அதற்கடுத்த 5,00,000 பேருக்கு 10 வெள்ளி 80 காசு. மலாக்காவின் மக்கள் தொகை ஏறக்குறைய 10 லட்சம். அந்த விகிதத்தில் பெருக்கிப் பார்த்தால் 1 கோடியே 66 லட்சம் வெள்ளி வரும். ஒரு மாநிலத்தை நடத்த இது எம்மாத்திரம்! பற்றாக்குறைக்குக் கடன் வாங்கலாமென்றால் அதற்கும் கட்டுண்டு. கூட்டரசிடம் வாங்கலாம், இல்லையேல் கூட்டரசு அங்கீகரித்த வங்கி முதலியவற்றிடம் 5 ஆண்டுக்கு மேற்படாமல் வாங்கலாம். கைம்முதல் சிறியதாக இருக்கும் கடையில் கணக்கு எவ்வளவு கறாராக இருக்க வேண்டும் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஜக்காத்து, ஃபித்ரா, பைத்துல்மால் பணம் இந்தப் பெட்டியில் சேராது. அதனைத் தனி நிதியில் வைக்க வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 97-ஆம் விதி கூறுகிறது. அதையும் மாநிலச் சட்டம் அனுமதித்த வழியில்தான் செலவிடலாம். அமானத்துப் பணத்தைக் கடை முதலோடு கலக்காத வியாபாரிக்கு இதன் நியாயம் எளிதில் விளங்கும்.

இனி, வரவு செலவுத் திட்டம் நிறைவேறும் முறையைக் காண்போம். நிதியாண்டு ஜனவரி 1-இல் தொடங்குகிறது. ஆகவே அதற்கு முன்பே ஆயர் குரோவில் உள்ள செரி நெகிரியில் சட்டமன்றம் கூடி, நிதி ஒதுக்கீட்டு மசோதாவை எடுத்துக்கொள்ளும். பண மசோதாவை ஆட்சிக் குழு அங்கத்தினர்தான் கொண்டுவரலாம். செலவைக் கூட்டும் திருத்தத்தைச் சாதாரண அங்கத்தினர் கொண்டுவர இயலாது. ஆனால் கேட்கலாம், கண்டிக்கலாம், எதிர்த்து ஓட்டுப் போடலாம்.

முதல் வாசிப்பில் மசோதா சபைமுன் வைக்கப்படும். இரண்டாம் வாசிப்பில் அரசாங்கத்தின் கொள்கை முழுவதும் விவாதத்துக்கு வரும். பத்திரிகைகளில் நாம் படிக்கும் சூடான பேச்சுக்கள் இங்கேதான் நிகழ்கின்றன. அதன்பின் சபையே ஒரு குழுவாக அமர்ந்து, இலாகா இலாகாவாக, தலைப்புத் தலைப்பாகத் தொகைகளைப் பரிசீலிக்கும். இதில் ஆரவாரம் குறைவு, பயன் அதிகம். "சென்ற ஆண்டு வடிகாலுக்கு ஒதுக்கியது எவ்வளவு? செலவானது எவ்வளவு?" என்று கேட்கும் இடம் இதுவே. பின்னர் மூன்றாம் வாசிப்பு; அதன்பின் யாங் டிபெர்துவா நெகிரியின் ஒப்புதல். இடையில் பணம் போதாவிட்டால் துணை மசோதாவுடன் மீண்டும் சபைக்கே வர வேண்டும். கடன் தவணை, கோர்ட்டுத் தீர்ப்பின்படி கட்ட வேண்டிய தொகை போன்ற சில செலவுகளுக்கு மட்டும் ஆண்டுதோறும் ஓட்டெடுப்பு இல்லை.

மலாக்கா சட்டமன்றத்தில் 28 அங்கத்தினர். ஆகவே 15 பேர் பெரும்பான்மை. வரவு செலவுத் திட்டம் தோற்றால் அரசாங்கம் நம்பிக்கை இழந்ததாகக் கருதுவது மரபு. சில ஓட்டுக்களின் பலத்தை 2021-இல் நாமே கண்டோம். அன்று ஆளும் தரப்பில் 17 பேர் இருந்தனர். அக்டோபர் 4-ஆம் தேதி நால்வர் ஆதரவை விலக்கிக்கொண்டனர். மிச்சம் 13. சபை கலைந்து, நவம்பர் 20-இல் தேர்தல் நடந்தது.

செலவு முடிந்தபின்னும் கணக்கு முடிவதில்லை. கூட்டரசின் தலைமைக் கணக்காய்வாளர் மாநிலக் கணக்கைத் தணிக்கை செய்கிறார். அவர் அறிக்கை சட்டமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும் என்பது 107-ஆம் விதி.

சகோதரர்களே, கடையில் இரவு கல்லாவை எண்ணாமல் நாம் படுப்பதில்லை. கணக்குப்பிள்ளை எவ்வளவு நாணயமானவராயினும் பேரேட்டை ஒருமுறை புரட்டிப் பார்க்கிறோம். அது அவர்மீது சந்தேகம் அன்று, நம் கடமை. மாநிலக் கணக்குக்கும் அதுவே முறை. ஆண்டு இறுதியில் சட்டமன்றம் கூடுமுன் நம் தொகுதி அங்கத்தினரைச் சங்கத்துக்கு அழைப்போம். மூன்றே கேள்விகள் கேட்போம்: சென்ற ஆண்டு நம் பகுதிக்கு ஒதுக்கியது என்ன? செலவானது என்ன? கணக்காய்வாளர் சொன்னது என்ன? கூட்டம் முடிந்து திரும்பியதும் அவர் அங்கே என்ன பேசினார் என்றும் கேட்போம். கேட்பார் உண்டு என்று தெரிந்தால், பேசுவாரும் கணக்கைப் படித்துவிட்டே பேசுவார்.