உத்தரவாதம் முடிந்தால் உரிமையும் முடியுமா?

கேள்வி: 2,400 ரிங்கிட் கொடுத்து வாங்கிய சோபா, பதினான்கே மாதத்தில் தோல் உரிந்து நடுவில் குழி விழுந்துவிட்டது. ஓராண்டு உத்தரவாதம் முடிந்தது, விற்ற பொருளைத் திரும்பப் பெற மாட்டோம் என்கிறார் கடைக்காரர். அவ்வளவுதானா?
– வாசகி, குளுவாங், ஜொகூர்

பதில்: இல்லை, சகோதரி. கடைக்காரரின் உத்தரவாதம் ஓராண்டில் முடியலாம். சட்டம் தரும் உத்தரவாதம் அதோடு முடிவதில்லை. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆவது பிரிவுப்படி, விற்கும் பொருள் அதன் விலைக்கும் தன்மைக்கும் ஏற்றபடி நீடித்து உழைக்க வேண்டும். 'திரும்பப் பெற மாட்டோம்' என்று ரசீதில் அச்சடித்தாலும், சுவரில் ஒட்டினாலும் இந்த உரிமை போகாது. பிள்ளைகள் சோபாமேல் குதித்து விளையாடியிருந்தால் மட்டும் வழக்கு கொஞ்சம் ஆட்டங்காணும்!

முதலில் ரசீதையும் படங்களையும் இணைத்து, பழுதுபார்த்துத் தரும்படியோ மாற்றித் தரும்படியோ பணத்தைத் திருப்பித் தரும்படியோ எழுத்து மூலம் கேளுங்கள். பதில் தருவதற்கு ஒரு தேதியும் குறிப்பிடுங்கள். வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தால் அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள்.

மசியவில்லையா? பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 1ஆம் பாரத்தை நிரப்பிக் கொடுங்கள்; இணையம் வழியாகவும் பதியலாம். கட்டணம் 5 ரிங்கிட்தான். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிப்பார்கள். வழக்கறிஞர் வேண்டாம், நீங்களே பேசலாம். கோரிக்கை எழுந்த மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாத கடைக்காரர்மீது குற்றவழக்கே பாயும்.

சோபாவை மட்டும் வழக்கு முடியும்வரை வீசிவிடாதீர்கள். உங்களுக்கு அதுதான் முதல் சாட்சி.