குடலில் துவாரம் விழுந்தால்

வயிற்று வலியென்றால் நம் வர்த்தகர்களிற் பலர் ஓமத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கல்லாவிலேயே அமர்ந்துவிடுவர். பெரும்பாலும் அதனால் தீங்கில்லை. ஆனால் ஒருவகை வலிக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கலாகாது. இரைப்பையிலோ குடலிலோ துவாரம் விழுந்து, உள்ளிருப்பது வயிற்றறைக்குள் கசிவதால் உண்டாகும் வலி அது.

காரணம் பல. குடற்புண் முற்றித் துவாரமாவது அவற்றுள் ஒன்று. காரமும் கவலையுமே புண்ணுக்கு மூலமென்று நெடுங்காலம் நம்பப்பட்டு வந்தது. 1982-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்னும் டாக்டர்கள் கண்டறிந்த ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி அக்கருத்தை மாற்றியது. 2005-ல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். கிருமிக்கு அடுத்தபடி வலி மாத்திரை. மூட்டு வலிக்கென்று ஐபுபுரோபென், டைக்ளோபினாக் முதலியவற்றை மாதக்கணக்கில் விழுங்குவோர் நம்மிடையே குறைவல்லர். டாக்டரைக் கேளாமல் இப்படிச் செய்வது ஆபத்து. (இருதயத்துக்கென டாக்டர் கொடுத்த ஆஸ்பிரினைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்தே.) குடல்வால் வீங்கி வெடிப்பது, டைபாய்டு காய்ச்சல் வாரக்கணக்கில் நீடிப்பது, அரிதாக மீன்முள் குத்துவது ஆகியவையும் உண்டு.

கத்தியால் குத்தினாற்போல வலி சட்டென்று தொடங்கும். வயிறு பலகைபோல் விறைக்கும். அசைந்தால் வலி கூடுமாதலால் நோயாளி ஆடாமல் படுத்திருப்பார். சில மணி நேரத்தில் வலி சற்றுத் தணிவதுண்டு, ஏமாறுவது இங்கேதான். "குணமாகிவிட்டது, கடையடைத்த பின் பார்க்கலாம்" என்று தோன்றும். உள்ளேயோ கிருமி பரவிக்கொண்டிருக்கும். வயோதிகருக்கும் ஸ்டீராய்டு மருந்து உண்போருக்கும் வலியே குறைவாக இருக்கக்கூடும்.

நிற்கவைத்து மார்பை எக்ஸ்ரே எடுத்தால், உதரவிதானத்தின் கீழ்க் காற்று பிறைபோல் தெரியும். தெரியாததால் துவாரமில்லையென்று முடிவு செய்வதற்கில்லை, சி.டி. ஸ்கேன் தெளிவாகக் காட்டும்.

ஆஸ்பத்திரியில் வாய்வழி ஆகாரத்தை நிறுத்தி, மூக்கு வழியே குழாய் செலுத்தி இரைப்பையைக் காலி செய்வர். இரத்தக் குழாய் வழியே திரவமும் கிருமிக்கொல்லி மருந்தும் ஏற்றுவர். பெரும்பாலோருக்கு ஆப்பரேஷன் அவசியம். வயிற்றறையைக் கழுவி, புண்ணால் விழுந்த துவாரத்தைக் குடலின்மேல் உள்ள கொழுப்புத் திரையால் ஒட்டுப்போட்டுத் தைப்பர். பெருங்குடலானால் கெட்ட பகுதியை வெட்டியெடுத்து, சில காலம் மலம் வயிற்றின்மேல் ஒரு பையில் இறங்கும்படி செய்வதுமுண்டு. பைக்குக் கூச்சப்பட்டு ஆப்பரேஷனை மறுப்பது சரியன்று.

மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும். நோயாளி உண்டுவந்த மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்க, டாக்டர் கேட்பார்.