நீர் தேங்கு நிலங்களின் வகை

கமக்காரர்களே! நீர் தேங்கும் நிலமெல்லாம் ஒரு வகையின அல்ல. கடலோரத்திற் களப்பு, கண்டற்காடு, உவர்ச்சேறு ஆகியன உள. முன்னாளில் நெல் விளைந்த முத்துராஜவெல உவர்நீர் புகுந்தமையாற் கெட்டது. உண்ணாட்டில் ஆற்றோரச் சதுப்பு, குளம், வயல் என்பன அடங்கும். கண்டிக் குளமும் ஸ்ரீ விக்கிரமராஜசிங்க மன்னன் 1807இல் வயல்நிலத்தை மறித்துக் கட்டியதே.

எமது மலையிடைப் பள்ளவயல்களிற் கடலுவர் சேர வழியில்லை. ஆங்கு நேருந் தீங்கு பெரும்பாலும் இரும்பினால் உண்டாவது. மேட்டிலிருந்து கசியும் ஊற்றுநீர் அதனைக் கொணரும். நீரின்மேல் எண்ணெய் போன்ற ஆடை மிதப்பின் கோலாற் கிளறிப் பார்க்க. துண்டு துண்டாய் உடைந்தால் இரும்பாடை. மீண்டுங் கூடினால் எண்ணெய். நெற்பயிரின் அடியிலைகளில் நுனியிலிருந்து செம்புள்ளி பரவுதலும் ஓர் அடையாளம். இத்தகைய வயலில் மேட்டடியோரம் வாய்க்கால் வெட்டி, நடுகைக்கு முன்னரே கசிவுநீரை வெளியேற்றுக. வடிகாலின்றி உரத்தை மட்டும் நம்புதல் தகாது. மரக்கறி பயிரிடுவோர் பாத்திகளை உயர்த்தி அமைத்தல் வேண்டும்.