தண்ணீர் போகும் வழி

அன்புள்ள தம்பி,

வீட்டில் சிவபூஜை தொடங்கப் போவதாக எழுதி, வாங்க வேண்டிய சாமான் பட்டியல் கேட்டிருந்தாய். மிகுந்த சந்தோஷம். ஆனால் கடைக்குப் போகும் முன், உன் வீட்டில் அபிஷேகத் தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்று பார். அதை யோசிக்காமல் மாடம் கட்டியவர்கள் கொஞ்ச நாளில் அபிஷேகத்தை விட்டுவிட்டு, பூவை மட்டும் வைத்துக் கும்பிடத் தொடங்கிவிடுகிறார்கள்.

கோயிலில் கோமுகி உண்டு. அடுக்குமாடி வீட்டில் தாம்பாளம்தான் கோமுகி. விளிம்பு உயர்ந்ததாக, ஒரு சொம்புத் தண்ணீர் முழுதும் தளும்பாமல் கொள்வதாகப் பார்த்து வாங்கு. தரையில் வைக்காதே, ஒரு மணைமேல் வை. ஆவுடையாரின் வாய் வடக்குப் பக்கம் இருக்கட்டும். நீ கிழக்கு நோக்கி உட்கார்ந்தால் அது உன் இடக்கைப் பக்கம் வரும். பூஜை முடிந்ததும் அந்த நீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டிவிடாதே. கால் மிதிபடாத இடத்தில், செடியின் வேரில் ஊற்று. மாடித் தொட்டியில் ஒரு செம்பருத்தி போதும். பாலும் தேனும் கலந்த நீர் தொட்டிச் செடிக்கு ஆகாது, எறும்பு மொய்க்கும், மண் நாறும். ஆகவே தினமும் தண்ணீர் மட்டும், பிரதோஷத்துக்கும் சோமவாரத்துக்கும் பால் என்று வைத்துக்கொள். பாலோ தயிரோ எது ஆனாலும், ஒவ்வொன்றுக்கும் பிறகு சுத்த நீர் விட வேண்டும். கடைசியில் தாராளமாக விடு.

லிங்கம் கட்டைவிரல் அளவுக்குக் குறையாமல், ஒரு சாணுக்கு மேற்படாமல் இருப்பது வீட்டுக்கு வழக்கம். நர்மதை ஆற்றில் கிடைக்கும் பாணலிங்கத்தையே நான் சொல்வேன். அதற்குத் தனியாகப் பிரதிஷ்டை தேவையில்லை என்பது மரபு. ஆவுடையாரோடு அது சேரும் இடத்தைக் கவனி. போர்த் தண்ணீரில் அபிஷேகம் செய்தால் அந்த இடுக்கில்தான் வெள்ளையாக உப்புப் படியும். படிந்தபின் சுரண்டினால் கல்லில் கீறல் விழும். அபிஷேகம் முடிந்த கையோடு திருவொற்றாடையால் ஈரம் போக ஒற்றி எடுத்துவிட்டால் படியாது. அதற்கென்று ஒரு மெல்லிய பருத்தித் துணியைத் தனியாக வை, வேறெதற்கும் தொடாதே.

தண்ணீருக்குச் செம்புப் பாத்திரம் நல்லது. பாலையும் தயிரையும் அதில் வைக்காதே. தயிரின் புளிப்பில் செம்பு கரைந்து பச்சை பூக்கும். அவற்றுக்கு வெள்ளிக் கிண்ணம், இல்லாவிட்டால் மண் கலயம். செம்பை வாரம் ஒருமுறை புளி போட்டுத் தேய். தீர்த்தத்தில் போடுவது பச்சைக் கற்பூரமாகவே இருக்கட்டும். ஆரத்திக்கு ஏற்றும் சூடம் விஷம், குழந்தைகள் குடிக்கும் நீரில் அது விழவே கூடாது.

நேற்று பிடித்து வைத்த நீர் வேண்டாம். காலையில் குளித்ததும் நீயே பிடி, வேறு யாரையும் பிடித்து வைக்கச் சொல்லாதே. நீ குடிக்கத் தயங்கும் தண்ணீராகவும் இருக்கக் கூடாது, பிறகு அதைத்தானே கையில் வாங்கிப் பருகப் போகிறாய்? கலசத்தில் கங்கை, யமுனை, கோதாவரி, சரஸ்வதி, நர்மதை, சிந்து, காவிரி என ஏழு நதிகளையும் அழைக்கிறோம். குழாய்த் தண்ணீர்தானே என்று மனம் சுருங்காதே, அழைத்தால் வருவார்கள். காளத்தியில் கண்ணப்பர் ஒரு கையில் வில்லும் மறு கையில் இறைச்சியுமாக, பொன்முகலி நீரை வாயில் முகந்து வந்து ஊற்றினார். அவருடைய அன்பு நமக்கு இல்லை, அதனால் நமக்குச் சொம்பும் முறையும் வேண்டியிருக்கிறது. ஆனால் தானே போய்க் கொண்டுவந்தாரே, அதை நாமும் செய்யலாம்.

மந்திரத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லமாட்டேன். தீட்சை பெற்றிருந்தால் உன் குரு சொன்னபடி செய். பெறும்வரை, ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டே நீரை மெல்லிய தாரையாக, அறுபடாமல் விடு. சொம்பைக் கவிழ்த்துக் கொட்டாதே. கையில் அந்த நிதானம் வரச் சில வாரம் ஆகும்.

தாராபாத்திரம் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். அக்னி நட்சத்திரம் வரட்டும், அப்போது வாங்கு. துளையில் ஒரு தர்ப்பையைச் செருகினால் துளி அதன் நுனி வழியே நேராக இறங்கும். அடைத்துக்கொண்டால் ஈர்க்கினால் குத்தி எடு, ஊசி போட்டால் துளை பெரிதாகிவிடும்.

வெளியூர் போகும் நாட்களில் யார் நீர் விடுவது என்பதை மட்டும் இப்போதே வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டு, எனக்கும் எழுது.

அன்புடன்,
உன் பெரியப்பா