துருவின் மேல் பெயிண்ட் அடிக்காதீங்க!



பழவேற்காட்டிலிருந்து மீன் ஏற்றுவதும், கும்மிடிப்பூண்டி சிப்காட் கம்பெனிகளுக்குச் சாமான் கொண்டு போவதும் நம் பக்கம் பெரும்பாலும் குட்டி யானைதான். 2005-ல் டாடா ஏஸ் வந்ததிலிருந்து சின்ன லோடு வண்டிக்கே அந்தப் பேர் நிலைத்துவிட்டது. கடன் வாங்கிப் பழைய வண்டி எடுத்திருக்கிற உறுப்பினர்களுக்காக இந்தப் பாடம்.

8 வருடம் தாண்டின வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் சேசிஸுக்குப் பெயிண்ட் அடிப்பது வழக்கம். ஆனால் துருவைச் சுரண்டாமல் மேலே அடித்த பெயிண்ட் ஒரு மழைக்காலம் கூடத் தாங்காது. ஏன் என்று பார்ப்போம்.

இரும்பும் தண்ணீரும் காற்றும் சேர்ந்தால் துரு. உப்பு இருந்தால் வேகமாகப் பிடிக்கும். உப்பு காற்றில் உள்ள ஈரத்தையே இழுத்து வைத்துக்கொள்ளும். மழை பெய்யாத நாளிலும் இரும்பு நனைந்தேதான் இருக்கும். மீன் பெட்டியிலிருந்து சொட்டுகிற ஐஸ் தண்ணியும் உப்புதானே! துருவான இரும்பு முன்பிருந்ததைவிட அதிக இடம் அடைக்கும். அதனால் மேலே பூசிய பெயிண்டை அடியிலிருந்து தூக்கிவிடும். அப்பளம் மாதிரி உப்பி நிற்பது அதனால்தான்.

பாம்பன் பாலத்தையே பாருங்க. 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம் கடல் காற்றில் அரித்து, 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும், பாலிசிலாக்ஸேன் என்ற தனிப் பெயிண்டும் போட்டிருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு செலவு ஆகாது. சுரண்டுவதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் வண்டியின் அடிப்பக்கத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, நல்ல தண்ணீர் ஊற்றி உப்பை எடுக்க வேண்டும். கிரீஸ் ஒட்டியிருந்தால் துடைத்து எடுக்கவும். ஒரு நாள் முழுக்கக் காயட்டும். பிறகு சின்னச் சுத்தியலால் சேசிஸ் நெடுகத் தட்டிப் பாருங்க. 'கிண்'ணென்று கேட்டால் மேல் துருதான், சுரண்டினால் போகும். 'பொத்'தென்று கேட்டாலோ, செதில் செதிலாக உதிர்ந்தாலோ, ஸ்க்ரூடிரைவர் முனை உள்ளே இறங்கினாலோ, இரும்பையே துரு தின்றுவிட்டது என்று அர்த்தம். அங்கே பெயிண்ட் வேலைக்கு ஆகாது. பட்டி வைத்து மூடுவது அதைவிட ஆபத்து. லோடு ஏற்றின வண்டி அந்த இடத்தில்தான் உடையும். சேசிஸ் வேலை தெரிந்தவரிடம் காட்டிவிட்டுத்தான் மேற்கொண்டு செலவு செய்ய வேண்டும்.

மேல் துருவுக்குக் கம்பி பிரஷ், அப்புறம் 80-ஆம் நம்பர் உப்புத்தாள், கடைசியில் 120. கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்த்தால் சீக்கிரம் முடியும். அதற்கு முன் பேட்டரி வயரைக் கழற்றிவிட வேண்டும். டீசல் டேங்க், பிரேக் குழாய் பக்கம் கிரைண்டரே வேண்டாம், கையால் தேய்த்தால் போதும். கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது, ஸ்டாண்ட் வைத்துத்தான் படுக்கணும். சேசிஸ் நம்பர் வெட்டியிருக்கும் இடத்தைக் கிரைண்டர் தொடவே கூடாது. நம்பர் அழிந்தால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் அலைய வேண்டிவரும்.

மூலை முடுக்கில் பிரஷ் போகாது. அதற்கு ரஸ்ட் கன்வர்ட்டர் என்று திரவம் விற்கிறார்கள். சிலவற்றில் டானின் என்ற துவர்ப்புச் சத்து இருக்கும். வாழைக்காய் நறுக்கின அரிவாள்மனை கறுத்துப் போகிறதே, அதே வேலைதான். செந்துருவைக் கறுப்பாக மாற்றிவிடும். கனமான துருவுக்கு இது போதாது, உதிர்வதை எல்லாம் எடுத்த பிறகுதான் தடவணும். கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டை ஊற்றிச் செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீங்க. இடுக்கில் தங்குகிற ஆசிட்டே மறுபடி துருவைக் கொண்டுவரும்.

தேய்த்த இரும்பை ராத்திரி அப்படியே விடக்கூடாது. விடிவதற்குள் கடல் காற்றில் மறுபடி செம்மை பூத்துவிடும். அதனால் ஒரு நாளில் முடிகிற அளவுக்குத் தேய்த்து, தூசியைத் துணியால் துடைத்து, அன்று சாயங்காலத்துக்குள் ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துவிட வேண்டும். மழை ஓய்ந்த தை, மாசி இதற்கு நல்ல காலம். பனி காய்ந்த பிறகு ஆரம்பிக்கலாம். பிரைமர் நன்றாகக் காய்ந்ததும் கறுப்பு எனாமல் இரண்டு கோட். ரப்பர் பாகங்களிலும் பிரேக் குழாயிலும் பெயிண்ட் படாமல் காகிதம் சுற்றிக்கொள்ளவும்.

பட்டறையில் வேலையை விடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. துருவும் ரெட் ஆக்சைடும் கிட்டத்தட்ட ஒரே நிறம். பிரைமர் அடித்துவிட்டால், அடியில் சுரண்டினார்களா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. "பிரைமர் அடிக்கிறதுக்கு முன்னாடி நான் வந்து பார்ப்பேன் அண்ணே, பார்த்த அப்புறம்தான் பாக்கிப் பணம்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்க. போய் வெள்ளைத் துணியால் சேசிஸைத் துடைத்துப் பாருங்க. துணி செம்மையானால் இன்னும் தேய்க்கச் சொல்லலாம்.

வண்டி வீட்டுக்கு வந்த பிறகு, மீன் லோடு இறக்குகிற ஒவ்வொரு நாளும் அடிப்பக்கத்துக்கு இரண்டு குடம் நல்ல தண்ணீர் அடித்து ஊற்றவும். சேசிஸில் தண்ணீர் வடிகிற ஓட்டைகள் சேற்றால் அடைபடும். ஒரு குச்சியால் குத்தி விட்டால் போதும்.